கிளாஸுக்குள் ஒரு மரம்!

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிகள் சரக்குப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சாம்பிள் கைக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும். உள்ளங்கையில் நாலு காயைக் கொட்டி, பச்சை எப்படி, பருமன் 8 மில்லிமீட்டரா, 7-ஆ என்று ஒரு பார்வை. ஒரு காயை நகத்தால் கீறி, உள்ளேயிருக்கும் கறுப்பு விதையை மூக்கருகே கொண்டுபோய் ஓர் இழுப்பு. அவ்வளவுதான்... 'இது இத்தனை ரூபாய் பெறும்' என்று மனசுக்குள் கணக்கு முடிந்துவிடும். ஏலக்காய் ஏலம் 2007-ல் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. பட்டனை அழுத்துவது விரல்தான். ஆனால் விலை சொல்வது இன்னமும் மூக்கு!

அந்தப் பக்கம் கம்பத்துக்குப் போனால் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். விவரமானவர்கள் கொத்தின் மேல் பழத்தை வாயில் போட மாட்டார்கள். அடி நுனியில் இருப்பதைப் பறித்துச் சுவைப்பார்கள். கடைசியாகப் பழுப்பது அதுதான். அது இனித்தால் கொத்தே இனிக்கும். மேகமலையில் விளைவது தேயிலை. தேயிலை வர்த்தகத்தில் ருசி பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் உண்டு. கரண்டியில் எடுத்து, 'சுர்ர்ர்' என்று பக்கத்து ரூமுக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சி, துப்பிவிட்டு மார்க் போடுவார்கள்.

ஆக, தேனி மாவட்டம் என்பது மூக்காலும் நாக்காலும் பிழைக்கிற பூமி.

இப்பேர்ப்பட்ட பூமியில் பிறந்த நம்ம ஆள், சாயங்காலம் ஆபீஸ் முடிந்து அந்தக் கடைக்குப் போனால் என்ன செய்கிறார்? பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, தண்ணீர் கலந்து, மூக்கைச் சுளித்து, கண்ணை இறுக மூடி... ஒரே மடக்கு! அடுத்த விநாடி ஊறுகாய். கஷாயம் குடிக்கிற குழந்தைகூட இவ்வளவு கஷ்டப்படாது சார்!

அம்பது ரூபாய் ஏலக்காயை முகர்ந்து பார்த்து வாங்குகிறவர், நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்கும் பாட்டிலில் மூக்குக்கு லீவு கொடுத்துவிடுகிறார். ஏன்?

இந்தக் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் அந்த பாட்டில் வந்தது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் கம்பத்து நண்பர் ஒருவர் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. பெயர் 'மேக்கர்ஸ் மார்க் 46'. கழுத்தில் சிவப்பு மெழுகு வழிய, கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒரு ஜோடனை. லேபிளில், இது பூர்பன் விஸ்கி என்பதோடு, ஓக் பலகைகளைக் கொண்டு பீப்பாயில் மெருகேற்றியது என்று ஒரு வரி.

விஸ்கிக்கும் பலகைக்கும் என்ன சம்பந்தம்? இது குடிக்கிற சமாச்சாரமா, கட்டில் செய்கிற சமாச்சாரமா?

சட்டம் போட்டுக் காய்ச்சுகிறார்கள்

பூர்பன் என்பது அமெரிக்காவின் சொந்தச் சரக்கு. 1964-ல் அந்நாட்டுக் காங்கிரஸே 'இது எங்கள் நாட்டின் தனித்தன்மையான பொருள்' என்று தீர்மானம் போட்டுவிட்டது. காய்ச்சும் தானியத்தில் குறைந்தது 51 சதவிகிதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய் மறுபடி பூர்பனுக்கு ஆகாது. ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நிறத்துக்கு என்று சாயமோ, வாசத்துக்கு என்று எசென்ஸோ ஒரு சொட்டுகூடச் சேர்க்கக்கூடாது.

கடைசி வரியைக் கவனியுங்கள். வடிக்கும்போது இந்தச் சரக்கு பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல்தான் இருக்கும். கிளாஸில் நீங்கள் பார்க்கும் தேன் நிறம் முழுக்க முழுக்க மரம் கொடுத்தது. வாசத்திலும் பெரும்பங்கு மரத்தினுடையதுதான்.

எப்படி என்கிறீர்களா? ஓக் மரத்தைச் சூடுபடுத்தினால் அதிலுள்ள லிக்னின் உடைந்து வெனிலின் வருகிறது. ஐஸ்கிரீமில் வருமே, அதே வெனிலா. ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு சரக்கு சர்க்கரையாகிக் கருகி, பாகு வாசம் தருகிறது. லாக்டோன் என்ற பொருள் தேங்காய் வாசம் தரும். யூஜினால் என்பது அச்சு அசல் கிராம்பு. டானின் துவர்ப்பு. ஆக ஒரு மரத்துக்குள் ஒரு பலசரக்குக் கடையே இருக்கிறது! தீயைக் கூட்டிக் குறைப்பதில்தான் எந்த டப்பா திறக்கும் என்பது இருக்கிறது.

கென்டக்கி மாநிலத்தில் லொரெட்டோ என்ற ஊரில் இருக்கிறது மேக்கர்ஸ் மார்க். பில் சாமுவேல்ஸ் என்பவர் 1953-ல் ஒரு பழைய வடிசாலையை வாங்கி ஆரம்பித்தது. தானியக் கலவையை முடிவு செய்ய ஒவ்வொரு முறையும் காய்ச்சி, ஊறவைத்து, வருஷக்கணக்கில் காத்திருக்க முடியுமா? ஆசாமி அந்தந்தக் கலவையில் ரொட்டி சுட்டுத் தின்று பார்த்தார் என்று சொல்வார்கள். ருசியான ரொட்டி எதுவோ அதுவே ஃபார்முலா! கடைசியில் காரமான ரை தானியத்தைத் தள்ளிவிட்டு, கோதுமையைச் சேர்த்துக்கொண்டார். 1958-ல் முதல் பாட்டில் வெளியே வந்தது. அந்தச் சிவப்பு மெழுகு யோசனை அவர் மனைவி மார்ஜியுடையது.

அப்புறம் அரை நூற்றாண்டுக்கு ஒரே சரக்கு, ஒரே ருசி. மகன் பில் சாமுவேல்ஸ் ஜூனியருக்கு ஓய்வுபெறும் காலம் நெருங்கியபோது ஓர் ஆசை: அப்பாவின் சரக்கைக் கெடுக்காமல், நம் பெயரைச் சொல்ல ஒன்று வேண்டும். பீப்பாய் செய்கிறவரைக் கூப்பிட்டார். பலகையை எத்தனை விதமாக வாட்டலாமோ அத்தனை விதமாகவும் வாட்டிப் பார்த்தார்கள். ஒத்துவந்த பலகையின் பதிவு எண் 46. அதுவே பெயராகிவிட்டது. 2010-ல் விற்பனைக்கு வந்தது.

செய்முறை ரொம்பச் சுலபம். பருவத்துக்கு ஊறிய பழைய சரக்கைப் பீப்பாயிலிருந்து வெளியே எடுக்கிறார்கள். மேலோட்டமாகத் தீயில் வாட்டிய ஃபிரெஞ்சு ஓக் பலகைகள் பத்தை உள்ளே மாட்டுகிறார்கள். அதே சரக்கைத் திரும்ப ஊற்றி, சுமார் ஒன்பது வாரம் குளிர்ச்சியில் வைக்கிறார்கள். வெயிலில் வைத்தால் மரத்தின் கசப்பும் சேர்ந்து இறங்கிவிடும். அதற்காகவே பின்னால் சுண்ணாம்புப் பாறைக் குன்றைக் குடைந்து ஒரு நிலவறை கட்டினார்கள்.

2016-ல் இன்னொரு விளையாட்டு. ஐந்து வகைப் பலகைகள். அதில் பத்தை எப்படி வேண்டுமானாலும் வாடிக்கையாளரே பொறுக்கிக்கொள்ளலாம். மொத்தம் 1001 விதம் என்றார்கள். 'விளம்பரத்துக்காக அடிச்சு விடுறாங்க' என்றுதான் யாருக்கும் தோன்றும். பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14, 13, 12, 11 நான்கையும் பெருக்கி 24-ஆல் வகுங்கள். சரியாக 1001! வணிகக் கணிதம் வாத்தியார் கேட்டால் சந்தோஷப்படுவார்.

இதே பலகை ஐடியா ஸ்காட்லாந்தில் வம்பில் முடிந்தது. காம்பஸ் பாக்ஸ் என்ற கம்பெனி 2005-ல் பீப்பாய்க்குள் ஃபிரெஞ்சு ஓக் பலகை மாட்டி 'ஸ்பைஸ் ட்ரீ' என்று ஒரு விஸ்கி போட்டது. 'இது பாரம்பரியம் இல்லை' என்று ஸ்காட்ச் விஸ்கி சங்கம் மல்லுக்கு நிற்க, மறு வருஷமே நிறுத்த வேண்டியதாயிற்று. கம்பெனிக்காரர் சளைக்கவில்லை. 2009-ல் பலகையை உள்ளே மாட்டாமல், பீப்பாயின் மூடியையே ஃபிரெஞ்சு ஓக்கில் செய்து திரும்பி வந்தார். ஒரு நாட்டில் லேபிளில் போட்டுப் பெருமைப்படும் விஷயம், இன்னொரு நாட்டில் குற்றம்!

மோந்து பார்த்தால் பாவமா?

சரி, பத்துப் பலகை நிஜமாகவே ஏதாவது செய்கிறதா? இல்லை, நம்மூரில் 'புதிய பொலிவுடன்' என்று போர்டு மாட்டுவது மாதிரியா?

இதைச் சோதிக்க ஒரு முறை உண்டு. மூன்று கிளாஸ். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் மட்டும் வேறு. எது எதில் என்று சொல்லக்கூடாது. 'இதில் அந்நியன் யார்?' என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆகாரக் கம்பெனிகளில் முக்கோணச் சோதனை என்பார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். தொடர்ந்து மூன்று தடவை சரியாகச் சொன்னால்? குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி நடக்க 27-ல் ஒரு வாய்ப்புதான்.

நண்பரிடம் சாதாரண மேக்கர்ஸ் மார்க்கும் ஒன்று இருந்தது. அதன் வலு 45 சதவிகிதம், 46-உடையது 47. வித்தியாசம் தெரியாமலிருக்கத் தண்ணீர் விட்டுச் சமன் செய்தோம். அனுபவஸ்தர்கள் என்று பெயரெடுத்த இரண்டு ஆபீஸ் நண்பர்களை அழைத்து உட்காரவைத்தோம். முதல் கிளாஸ், நிதானம் தவறாத நேரம். மூன்று சுற்றில் ஆளுக்கு ஒரு தடவை சரி. அதாவது குருட்டுக் கணக்கு என்ன சொல்லுமோ, அதே!

"ரெண்டுமே ஏறுது மாப்ளே" என்பது அவர்கள் தீர்ப்பு.

மறுநாள் மூன்று கிளாஸையும் எடுத்துக்கொண்டு போடியில் தெரிந்த ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் போனோம். அறுபது வயசு. நெற்றி நிறைய விபூதி. மதுவாடையே ஆகாதவர்.

"என்னாங்குற தம்பி? நான் இதையெல்லாம் தொடுற ஆளா?"

"குடிக்க வேணாம்ண்ணே. மோந்து மட்டும் பாருங்க. மூணுல ஒண்ணு வேற சரக்கு. அது எதுன்னு சொல்லணும்."

"மோந்து பாத்தா பாவமில்லையே?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, முதல் கிளாஸை எடுத்தார். எடுத்த எடுப்பில் மூக்கை உள்ளே விடவில்லை. மார்பளவில் பிடித்து மெதுவாக மேலே கொண்டுவந்தார். வாசம் தொட்ட இடத்தில் நிறுத்தினார். வாயைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டார். வைத்துவிட்டு, தன் சட்டைக் கையை ஒரு தடவை முகர்ந்துகொண்டார். அடுத்த கிளாஸ்.

"இதுல லவங்கம் தூக்கலா இருக்கு. பட்டையும் இருக்கு. மத்த ரெண்டுலயும் வெல்லப்பாகு, வறுத்த தேங்காதான் முன்னால வருது. இதுதான் வேற."

சரி!

இடத்தை மாற்றி வைத்தோம். சரி! மறுபடியும் மாற்றினோம். மூன்றாவதும் சரி. 27-ல் ஒன்று.

அதோடு விடவில்லை. "சரக்கு நல்ல சரக்குதான். ஆனா ஸ்டோர்ல சூடு ஒரு கை கூட வச்சிருக்காய்ங்க" என்றார். ஏலக்காயை உலர்த்தும் இடத்துக்கு எங்கள் பக்கம் ஸ்டோர் என்று பெயர். பலகையை வாட்டிய விவரத்தை அதுவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை!

ஒரு சொட்டும் நாக்கில் படாமல் ஒரு மனிதர் பாட்டிலின் ஜாதகத்தைச் சொல்லிவிட்டார். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு மாதிரி சிலது மட்டும்தான். 'ருசி' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் சம்பாத்தியம். ஜலதோஷம் பிடித்த அன்று பிரியாணி சாப்பிட்டவர்களுக்கு இது புரியும்.

மார்க் போடலாமா?

அவர் செய்ததைத்தான் உலகம் முழுக்கத் தொழில்முறை ஆட்கள் செய்கிறார்கள். வாய் குறுகிய கிளாஸ் நல்லது, வாசம் ஓடிவிடாது. பிளாஸ்டிக் டம்ளருக்குச் சொந்த வாசம் உண்டு, ஆகாது. மூக்கை உள்ளே திணித்தால் ஆல்கஹால் நெடி மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். ருசி பார்ப்பதாக இருந்தால் கால் ஸ்பூன் போதும். வாயில் சுழற்றி, மெல்லுங்கள். முதல் வாய் எரியும், அதற்கு மார்க் போடாதீர்கள், இரண்டாவதுதான் கணக்கு. விழுங்கிய பிறகோ துப்பிய பிறகோ, ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது, கடைசியில் இனிப்பா, துவர்ப்பா, கசப்பா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் சில சொட்டுத் தண்ணீர். இது வீரக்குறைச்சல் இல்லை. 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இருவர் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுக் காட்டினார்கள்: தண்ணீர் சேர்ந்தால் புகைவாசம் தரும் குவையக்கால் போன்ற மூலக்கூறுகள் மேற்பரப்புக்கு வருகின்றன. அதாவது மூக்குக்குப் பக்கத்தில்.

இந்த முறையில் 46-க்கு நான் போட்ட மார்க் இது. நிறம்: சாதாரணத்தைவிட ஒரு படி ஆழம். வாசம்: வெனிலா, பாகு, அதன் மேல் கிராம்பும் பட்டையும். வாயில்: இனிப்பு முன்னால் ஓடிவருகிறது, காரம் பின்னால் நடந்து வருகிறது. முடிவு: நீளம், உலர்ந்த மசாலா வாசம், கசப்பு இல்லை. ஒன்பது வாரம் குளிரில் வைத்ததற்குக் கூலி இங்கேதான் கிடைக்கிறது. குறை: மரத்தின் குரல் ஓங்கி, கோதுமையின் சாதுவான குரல் அமுங்கிவிடுகிறது. நாதஸ்வரத்தைத் தவில் மறைக்கிற மாதிரி. 100-க்கு 81.

நம் நாட்டிலும் பலகை வித்தை உண்டு. 1948-ல் ஆரம்பித்த பெங்களூர் அம்ருத் நிறுவனம், 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டை எங்கே கொண்டுபோய் வெளியிட்டது தெரியுமா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில்! திருநெல்வேலிக்குப் போய் அல்வா விற்கிற தைரியம். அவர்களுடைய 'ஃப்யூஷன்' விஸ்கிக்கு ஜிம் மர்ரேயின் 2010-ஆம் வருட விஸ்கி கையேடு உலகில் மூன்றாம் இடம் கொடுத்தது. 'ஸ்பெக்ட்ரம்' என்ற சரக்குக்கு, அமெரிக்க ஓக், ஃபிரெஞ்சு ஓக், ஷெர்ரி ஒயின் ஊறிய இரண்டு வகை ஓக் என்று நாலு விதப் பலகைகளைச் சேர்த்து ஒரே பீப்பாய் செய்தார்கள்.

ஆனால் நம் வெயில் சும்மா விடுமா? பீப்பாயிலிருந்து ஆவியாகும் பங்கை 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். ஸ்காட்லாந்தில் வருஷத்துக்குச் சுமார் 2 சதவிகிதம். பெங்களூரில் 10 முதல் 12. ரிட்டன் டவுன் வேல்யூ முறையில் தேய்மானம் போடுங்கள். 100 லிட்டர், ஐந்து வருஷம்: அங்கே 90 லிட்டர் மிஞ்சும். இங்கே 11 சதவிகிதம் என்று வைத்தால் 56-தான். கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் வைத்தால் தேவதைகள் குடும்பத்தோடு வந்துவிடும்!

சாயம் போட்ட காய்

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். நம்ம ஆள் ஏன் மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்கிறார்?

இங்கே சாதாரண விலையில் விற்கும் விஸ்கிகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை, மொலாசஸிலோ தானியத்திலோ எடுத்த வாசமில்லாத ஸ்பிரிட். ஐரோப்பாவில் விஸ்கி என்று சொல்ல வேண்டுமானால் தானியத்தில் காய்ச்சி, மூன்று வருஷம் மரத்தில் ஊற வேண்டும். மொலாசஸ் சரக்கை அந்தப் பெயரில் அங்கே விற்க முடியாது. மரம் செய்ய வேண்டிய நிறத்தை இங்கே கேரமல் செய்கிறது. மரம் தர வேண்டிய வாசத்துக்கு அவ்வளவு மரம் செலவாகவில்லை. பச்சைச் சாயம் போட்ட ஏலக்காயைப் போடி வியாபாரி ஒரு விநாடியில் தள்ளிவிடுவார். நாமோ சாயத்தைப் பார்த்து 'ஆஹா, என்ன கலர்!' என்கிறோம்.

காரணம், நாம் வைத்திருக்கும் பரீட்சையில் ஒரே ஒரு கேள்விதான்: 'ஏறுச்சா, இல்லையா?' 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவிகிதம் என்றால் 77 மில்லி சுத்த ஆல்கஹால். அது ஏறத்தான் செய்யும். அதற்கு மரமும் வேண்டாம், வருஷமும் வேண்டாம். கேட்கத் தெரியாத வாடிக்கையாளனுக்கு நல்ல சரக்கு எந்தச் சந்தையிலும் வராது. ஏலக்காய் தரமாக இருப்பதற்குக் காரணம் காய்ச்சவர் மட்டுமல்ல; தள்ளிவிடத் தெரிந்த மூக்குகளும்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் புதுசாக ஆரம்பிக்க வேண்டாம். ஆரோக்கியத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று மதுவில் ஒன்றும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. மரத்தில் ஊறினாலும் அது மதுதான். ஆனால் ஒன்று. முகர்ந்து பார்த்து, மார்க் போட்டு, காரணம் சொல்லிக் குடிக்கிற மனுஷனுக்கு 30 மில்லியிலேயே முக்கால் மணி நேரம் ஓடிவிடுகிறது. பல சமயம் முகர்ந்ததோடு 'வேண்டாம்' என்று வைத்துவிடவும் தோன்றுகிறது. சம்பளத் தேதியும் சம்சாரத்தின் முகமும் இதற்குச் சாட்சி சொல்லும்.

பழகிக்கொள்ள பாட்டிலும் தேவையில்லை. சமையலறையில் கிராம்பு, பட்டை, ஏலக்காய், வெல்லம் நாலையும் நாலு டப்பாவில் போட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். டப்பாவை நீட்டும் வேலை வீட்டுக்காரம்மாவுக்கு. எத்தனை சரியாகச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். தோற்றால் அன்றைக்குப் பாத்திரம் நீங்கள் கழுவுங்கள்!

எந்தச் சரக்கானாலும் காசை நீட்டும் முன் ஒரு தடவை மூக்கைக் கேளுங்கள். சம்பளம் கேட்காத, லஞ்சம் வாங்காத ஒரே ஆடிட்டர் அதுதான். முகத்துக்கு நடுவிலேயே ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கிறது!